இருநூற்றுப் பதினான்காம் ஜோடி

லென்ஸ் அக்கா ஒரு நாளைக்கு முப்பது பேரிடமாவது ஒரே கேள்வியைக் கேட்டாக வேண்டும். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" கடைவீதியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், அரை இருட்டில், முக்காலியில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்களில் பாதிப் பேர் "நீங்களே பாத்து ஒண்ணு போடுங்கம்மா" என்பார்கள். மீதிப் பேரில் சிலர் "எதுன்னு சொன்னா சரியா இருக்கும்?" என்று அவளையே திருப்பிக் கேட்பார்கள். உன் கண்ணுக்குத் தெரிவதை நான் எப்படியப்பா சொல்வது என்று பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, வில்லையை மாற்றி, மறுபடி முதலிலிருந்து கேட்பாள்.

ஒருமுறை லாரி ஓட்டுகிற ஒருவர் சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். அக்காவுக்குச் சந்தேகம் வந்து அட்டையை மாற்றினாள். மனிதர் இரண்டாவது வரியிலேயே திக்கினார். வாசலில் காத்திருந்த நேரத்தில் உள்ளே போய்வந்தவர்களைக் கேட்டுக் கேட்டு உருப்போட்டிருக்கிறார். "வேலை போயிடும்மா, கண்ணு நல்லா இருக்குன்னு ஒரு கையெழுத்துதானே" என்று கெஞ்சினார். அக்கா போடவில்லை. கடை முதலாளி ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையை விட்டு வந்தால் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது, செலவுதான். வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் நடுவே, சிமெண்டுத் தரையில் மூன்று காலில் நிற்கும் ஒரு தொலைநோக்கி. மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகச் சாமான்களை விற்றபோது வாங்கிவந்தது. வாங்கிய முதல் வாரத்தில் அக்கா ஏதோ ஒரு நட்சத்திரத்தின் பக்கம் அதைத் திருப்பினாள். வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாக இருந்தது, குழாய்க்குள்ளே இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். அன்று பிடித்தது பைத்தியம்.

வானத்தில் இப்படி ஆயிரக்கணக்கான ஜோடிகள் உண்டு. சில ஜோடிகளில் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கப் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான். மற்றவை உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒரு சுற்று முடிய நூறு வருடமும் ஆகும், ஐந்நூறு வருடமும் ஆகும். எந்த ஜோடி எந்த வகை, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று தெரிய வேண்டுமானால், யாராவது அவ்வப்போது உட்கார்ந்து அளக்க வேண்டும். பெரிய நட்சத்திரத்திலிருந்து பார்த்தால் சின்னது வடக்கிலிருந்து எத்தனை டிகிரி திரும்பி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. இந்த இரண்டு எண்கள்தான். பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. அதனால் ஊருக்கு ஒருவர் இருவர், கொல்லையிலும் மாடியிலும் நின்றுகொண்டு இதைச் செய்கிறார்கள். இதற்கு நிலவில்லாத நடுநிசி வேண்டும் என்பதில்லை. பொழுது சாய்ந்து ஒரு நாழிகை போனால் போதும். பத்து மணிக்கு வேலைக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புகிற பெண்பிள்ளைக்கு இதைவிடத் தோதான பைத்தியம் கிடைக்காது.

தோது என்று சொன்னேனே தவிர, இடைஞ்சலுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் குளியலறை விளக்கை அணைத்த சரித்திரமே கிடையாது. வீட்டின் முன்பகுதியில் குடியிருக்கும் நாத்தனார், தொலைநோக்கியை எந்தத் திசைக்குத் திருப்புகிறார்களோ அந்தத் திசையில்தான் படுக்கை விரிப்பைக் காயப்போடுவாள். எடுக்கச் சொன்னால், "ஈரம் காயலையே, நட்சத்திரம் எங்க ஓடியா போகப்போகுது?" என்பாள். நல்ல ஜோடியாகப் பார்த்துக் குறிவைத்து உட்கார்ந்தால், எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.

அவள் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். மூலப்பிரதியையும் அச்சான தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வித்தியாசம் இருந்தால் சிவப்பில் குறிக்கும் வேலை. அச்சகத்தில் அவருக்குப் பெயரே 'திருத்தம்'தான். வேலை அங்கேயே நின்றால் பரவாயில்லை. மனிதர் மருந்துச் சீட்டைத் திருத்துவார். மின்கட்டண அறிவிப்பைத் திருத்துவார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் கண்ணெதிரிலேயே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டார். வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னங்க நீங்க, அவங்க முன்னாடியேவா?"

"தப்பா இருந்துச்சே."

எதற்கும் இந்த ஒரே பதில்தான். கெட்ட பழக்கம் ஒன்று கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். சண்டை போடவும் வழியில்லாத மனிதரோடு முப்பது வருடம் குடித்தனம் செய்வது லேசான காரியம் இல்லை. செய்துபார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நட்சத்திர வேலையில் அக்காவுக்கு அவர்தான் எழுத்தர். அதற்குக் காரணம் இருந்தது. அளக்கிற வில்லைக்குள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய ஓர் அளவுகோலும், அதைச் சுற்றி டிகிரி போட்ட ஒரு வளையமும் பொறித்திருக்கும். ஒரு கண்ணை அதிலிருந்து எடுக்காமல், கையால் திருகாணியைத் திருப்பி, ஜோடியை அளவுகோலின் மேல் கொண்டுவந்து நிறுத்தி, எண்ணைப் படிக்க வேண்டும். நடுவில் நிமிர்ந்து எழுதினால் எல்லாம் நழுவிவிடும். அதனால் அவள் பார்த்துச் சொல்வாள், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சின்னச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் எழுதுவார். ஒவ்வொரு ஜோடிக்கும் பத்துத் தடவை. பத்தையும் கூட்டிச் சராசரி.

இன்னொரு காரணம் அதைவிட முக்கியம். முன்பு யாரோ அளந்த எண், அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் கண் ஏமாற்றும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். இதை அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் ஜோடிகளின் பட்டியல் புத்தகத்தை அவள் தன் கையாலேயே தொடுவதில்லை. எந்த நட்சத்திரம், எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது, எத்தனை டிகிரி என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். "இத நான் பாக்கவே கூடாது. நீங்களே வச்சுக்கோங்க" என்று முதல் நாளே திருத்தக்காரர் கையில் கொடுத்துவிட்டாள். நோட்டையும் அப்படித்தான். எழுதியதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். கண்ணுக்கு அத்தனை கட்டுக்காவல் போட்டாள்.

பதினொரு வருடம் இப்படிப் போயிற்று. அறுநூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள் சேர்ந்தன. இவர்களைப் போல அளக்கிறவர்களுக்கென்று பல தேசங்களில் கிளை பரப்பிய ஒரு சங்கம் இருந்தது. வருடத்துக்கு ஒரு ஏடு போடுவார்கள். அதில் ஒருவருடைய அளவுகள் ஏறிவிட்டால் அவருக்கென்று மூன்றெழுத்தில் ஓர் அடையாளம் கொடுப்பார்கள். அதற்கப்புறம் அந்த ஜோடியைப் பற்றி உலகத்தில் யார் எழுதினாலும், அளவுக்குப் பக்கத்தில் அந்த மூன்றெழுத்து நிற்கும். நூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் அதன் பாதையைக் கணக்குப் போடும்போது, கண்ணாடிக் கடைப் பின்னறையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி பார்த்த எண்ணும் அதில் ஒரு புள்ளியாக இருக்கும். அக்கா நகை கேட்டதில்லை, ஊர் சுற்றிப் பார்க்கக் கேட்டதில்லை. இந்த மூன்றெழுத்தைத்தான் ஆசைப்பட்டாள். சராசரிகளைப் போட்டு முடித்து, திருத்தக்காரர் முத்து முத்தாகப் படியெடுத்துக் கொடுக்க, கட்டி அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்துத் தொகுப்பாசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா அவரை நேரில் பார்த்ததில்லை.

"தங்கள் அளவுகள் மிக நேர்த்தியாக இருக்கின்றன. அதுதான் எனக்குக் கவலை. கொல்லையில் நின்று அளக்கும் நம் போன்றவர்களின் எண்கள் பழைய பட்டியலிலிருந்து சற்றே அங்குமிங்கும் விலகும். தங்களுடையவை எங்குமே பெரிதாக விலகவில்லை. குறிப்பாக 214ஆம் ஜோடி. அறுபது ஆண்டுகளுக்கு முன் அதன் கோணம் 142 டிகிரி. அதன்பின் யாரும் அளக்கவில்லை. தாங்களும் 142 என்றே அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் சென்ற ஆண்டு நம் உறுப்பினர் இருவர் தனித்தனியே எடுத்த படங்களில் அது 151 ஆக இருக்கிறது. இது படியெடுத்ததில் நேர்ந்த கைப்பிழை என்றால் ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒன்றை நீக்கிவிட்டு மற்ற 611ஐயும் இவ்வாண்டு ஏட்டில் சேர்த்துக்கொள்கிறேன். பழைய பட்டியலைப் பார்த்து எழுதியது என்றால் எதையும் ஏற்பதற்கில்லை. மாத முடிவுக்குள் பதில் வேண்டும்."

அக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பார்த்து எழுதியதாமே! லாரிக்காரருக்குக் கையெழுத்துப் போடாதவளைப் பார்த்து இந்தக் கேள்வியா? கடிதத்தைக் கொண்டுபோய்த் திருத்தக்காரர் முன்னால் போட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தார்.

"மூணாவது வரியில ஒரு கமா விட்டுட்டாரு" என்றார்.

"நான் என்ன பேசறேன், நீங்க என்ன சொல்றீங்க? என்னத் திருடின்னு எழுதியிருக்காருங்க!"

"நூத்தி நாப்பத்திரண்டு சரிதானே? புஸ்தகத்துலயும் அதுதானே இருக்கு?" என்றார் அவர். அக்காவுக்கு அந்த நிமிடம் அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

மறுநாள் அவருக்கு அச்சகத்தில் அவசர வேலை. வர எட்டு மணி ஆகும் என்றார். அக்கா காத்திருக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் தனியாகவே குழாயைத் திருப்பினாள். அந்த இடத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்பது பழக்கத்தில் கைக்கே தெரியும். ஒரு தடவை அளந்தாள். நிமிர்ந்து, கடையின் கண் பரிசோதனைச் சீட்டுப் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள். நழுவிப்போனதை மறுபடி பிடித்து, மறுபடி அளந்தாள். பத்துத் தடவைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, இடுப்பு ஒடிந்துவிட்டது. 151, 150, 152, 151... எல்லாம் அங்கேதான் சுற்றிச் சுற்றி வந்தன.

அப்படியானால் அன்றைக்கு எப்படி 142 வந்தது? தன் கண்ணிலேயே ஏதோ கோளாறோ என்று அக்கா பயந்துபோனாள். ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்கிறவள் அன்று ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாகத் தன் கண்ணையே சோதித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல இரண்டு பேரும் கொல்லைக்குப் போனார்கள். முந்தின நாள் அளந்ததை அவள் அவரிடம் சொல்லவில்லை. "இருநூத்திப் பதினாலு திரும்ப எடுக்கலாம்" என்றாள். அவர் பட்டியலைப் புரட்டினார், நோட்டைத் திறந்தார்.

"நூத்தி அம்பத்தொண்ணு."

"ம்."

"நூத்தி அம்பது."

"ம்."

"நூத்தி அம்பத்திரண்டு."

பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. அக்கா பதினொரு வருடமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள். கண்ணை வில்லையிலிருந்து எடுத்தாள், திரும்பினாள், அவர் மடியில் இருந்த நோட்டைப் பிடுங்கிச் சிவப்பு விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். 142, 141, 143 என்று இருந்தது.

நோட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னங்க இது?"

"நீ சொன்னதுதான்" என்றார் அவர்.

"நான் சொன்னதா? நூத்தி அம்பத்தொண்ணுன்னு கத்தினேனே, பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்!"

"ஆமா. ஆனா புஸ்தகத்துல நூத்தி நாப்பத்திரண்டுன்னு இருக்கே. நாள் பூரா உழைச்சுட்டு வந்து பாக்கற. களைப்புல தப்பாப் படிக்கறயோன்னு..."

"பத்து தடவையுமா தப்பாப் படிப்பேன்?"

"அதனாலதான் பத்துலயும் ஒன்பது கொறச்சேன். உன்னோட ஏத்த இறக்கமெல்லாம் அப்படியே இருக்கு, பாரு. அதுல நான் கை வைக்கல." இதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அக்கா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"

"சின்ன வித்தியாசமெல்லாம் விட்டுடுவேன். ஒண்ணு ரெண்டு டிகிரி யாருக்கும் வரும். ரொம்பத் தள்ளி இருந்தா மட்டும்தான்."

"ரொம்பத் தள்ளி இருந்தா, அந்த நட்சத்திரம் நகந்திருக்குன்னு அர்த்தம்!"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நட்சத்திரம் நகருமா?"

"கடவுளே!" என்றாள் அக்கா. "பதினொரு வருஷம்! பதினொரு வருஷமா என் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கீங்களே, இங்க என்ன நடக்குதுன்னு நெனச்சீங்க?"

"சரிபாக்கறோம்னு நெனச்சேன்" என்றார் திருத்தக்காரர்.

அவருக்குத் தெரிந்த உலகத்தில் புத்தகம்தான் மூலம். அக்கா கூவிய எண்கள் அச்சுக்கோத்து வந்த தாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தாளைத்தான் திருத்த வேண்டும்; நாற்பது வருடமாக அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வானத்தில் நகர்ந்துபோன நட்சத்திரங்களையெல்லாம் ஒன்று விடாமல் தேடிப்பிடித்து, பட்டியலில் இருந்த பழைய இடத்திலேயே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். நகராமல் கிடந்தவற்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். ஒருவர் திட்டம் போட்டுக் கெடுத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

"எத்தனை மாத்தினீங்க?"

"அம்பது இருக்கும். அறுபதுகூட இருக்கலாம்."

"எது எது?"

"ஞாபகமில்லையே. அப்பவே மாத்தித்தானே எழுதினேன், மூலத்த எங்க வச்சேன்?"

அக்கா எழுந்து உள்ளே போனாள். தொலைநோக்கிக்கு உறை போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தன்மேலேயும் ஆத்திரமாக வந்தது. தன் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும், மறைக்க வேண்டும் என்று அந்தப் பட்டியலைக் கொண்டுபோய் யார் கையில் கொடுத்தாள்? பிழையைப் பார்த்தால் கை நிற்காத மனிதர் கையில். கல்யாணப் பத்திரிகையையே விட்டுவைக்காதவர் இதை விட்டுவைப்பாரா? நோட்டை ஒரு நாள், ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் போதுமே.

நான்கு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைப்பாள், போய்விடுவாள். அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். வீட்டுக்குள் இரண்டு பேர் இருப்பது கதவுச் சத்தத்தில்தான் தெரிந்தது. கடையில், முன்பெல்லாம் அடக்கிக்கொண்ட கோபத்தை அடக்க முடியாமல், "உங்க கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு நீங்கதானே சொல்லணும், நானா சொல்ல முடியும்?" என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியையிடம் எரிந்து விழுந்தாள். நான்காம் நாள் நாத்தனார் பஞ்சாயத்துக்கு வந்தாள்.

"என்ன நடந்துபோச்சுன்னு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒரு எண்ணுக்கா? என் தம்பி உனக்கு நல்லது நெனச்சுத்தானே செஞ்சான்?"

"அண்ணி, நல்லது நெனச்சு உங்க பால் கணக்குல ஒன்பது ஒன்பதா மாத்தினா சும்மா இருப்பீங்களா?"

"பாலும் நட்சத்திரமும் ஒண்ணா?" என்றாள் நாத்தனார். அதற்கு மேல் அவளோடு பேசிப் பயனில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அக்கா இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து தொகுப்பாசிரியருக்குப் பதில் எழுதினாள். எத்தனையோ விதமாக யோசித்தாகிவிட்டது. உண்மையை எழுதினால் ஐம்பதோ அறுபதோ எவை என்று கேட்பார்; தெரியாது என்றால் அறுநூற்றுப் பன்னிரண்டும் குப்பைக்குப் போகும். மீதி ஐந்நூற்றைம்பது அவள் கண்ணால் பார்த்ததுதானே? அவற்றை ஏன் பலி கொடுக்க வேண்டும்? ஒரு வரிதான் கேட்டிருக்கிறார். கடைசியில் அந்த வரியையே எழுதினாள்: "214ஆம் ஜோடியின் அளவு, என் உதவியாளர் படியெடுத்தபோது நேர்ந்த கைப்பிழை." அவள் கையால் எழுதுவதில் எப்போதும் நாலு பிழையாவது இருக்கும். திருத்தக்காரர் பார்க்காமல் இந்த வீட்டிலிருந்து ஒரு கடிதம் வெளியே போனதில்லை. பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் அது வேறு, இது வேறு என்று கடிதத்தை அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

காலையில் எழுந்து வந்தபோது அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. கடிதம் நடுவில் இருந்தது. நாலு எழுத்துப் பிழையும் சிவப்பில் திருத்தியாகியிருந்தது. அதோடு நிற்கவில்லை. 'உதவியாளர்' என்பதைக் கோடிட்டு அடித்து, ஓரத்தில் 'கணவர்' என்று எழுதியிருந்தது. 'நேர்ந்த கைப்பிழை' என்பதும் அடிபட்டிருந்தது. அதற்கு நேரே ஓரத்தில், அச்சகத்தில் எழுதுவது போலவே சின்ன எழுத்தில், 'தெரிந்தே மாற்றியது. இதுபோல் இன்னும் ஐம்பது, அறுபது. எவை என்று தெரியாது' என்று இருந்தது.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

"இத எதுக்கு அடிச்சீங்க?" நான்கு நாளில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது கைப்பிழை இல்லையே."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் எழுதினேன். இந்த ஒரு வரிய விட்டா எல்லாம் உள்ள போயிடும். பதினொரு வருஷமும் பொழச்சுடும். புரியுதா இல்லையா உங்களுக்கு?"

"புரியுது."

"புரிஞ்சுமா அடிச்சீங்க!"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி போட்டார். "அதுல நான் எழுதினதும் கலந்து கெடக்கு. நட்சத்திரம் நகரும்னு எனக்கு அப்பத் தெரியாது. இப்பத் தெரியும். எல்லாம் உன் பேர்ல போகப்போகுது. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் எடுத்துக் கணக்குப் போட்டா, அவனுக்கும் தப்பா வருமே."

"வரட்டுமே! எனக்கு அம்பத்திமூணு வயசாகுது. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சா முடிக்க அறுபத்திநாலு ஆகும். கண்ணு இருக்குமோ இருக்காதோ. பதினொரு வருஷமா நான் கேக்காம திருத்தினீங்க. இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திருத்தாம விட்டிருக்கக் கூடாதா?"

"நீ வேணும்னா பழையபடியே எழுதி அனுப்பு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் பேனாவை அவள் பக்கம் தள்ளிவைத்தார். முப்பது வருடத்தில் அக்கா அதைப் பார்த்ததில்லை.

பழையபடி எப்படி எழுதுவது? இந்த மனிதர் ஓரத்தில் எழுதிவைத்ததைப் படித்த கண், அதை மறந்துவிட்டு எப்படி எழுதும்? அவளுக்கு அவர்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கெடுக்கும்போது அவ்வளவு நேர்த்தியாகக் கெடுத்தார்; அவள் ஒரு பொய்யால் ஒப்பேற்றப் பார்த்தால் அதையும் விடமாட்டேன் என்கிறார். அவர் அடித்தது சரி என்பதுதான் எல்லாவற்றையும்விட அவளுக்குப் பொறுக்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டுப் புதுத் தாள் எடுத்தாள். அவர் திருத்தியபடியே ஒரு வார்த்தை மாறாமல் படியெடுத்தாள். 'என் கணவர்' என்று எழுதிய இடத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, அதற்குக் கீழே, "ஆகையால் அறுநூற்றுப் பன்னிரண்டு அளவுகளையும் திரும்பப் பெறுகிறேன்" என்று தானாகவே ஒரு வரி சேர்த்தாள். கையெழுத்துப் போட்டாள். அவரிடம் காட்டாமல் உறையில் போட்டு ஒட்டினாள்.

கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது அவர் பின்னாலேயே வந்து நின்றார். ஏதோ கேட்க நினைக்கிறவர் போலச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். "அந்த லிஸ்ட்டுல பழைய எண் இருக்கற கடைசிக் கட்டத்தக் கத்தரிச்சு எறிஞ்சுட்டுக் கொண்டு வாங்க."

"நானும் வரட்டுமா?"

"பின்ன? எழுதறதுக்கு உங்க அக்காவையா கூப்பிடச் சொல்றீங்க?"